கடைசிக் குழியில் கேட்ட சத்தம்

“பட்டாசு. வயசு இருபத்து நாலு. இப்போ இருக்கறது உங்க கேட்டுக்கு வெளியில, வெயில்ல.”

கம்பிக் கதவின் தூணில் பொருத்தியிருந்த சின்ன ஸ்பீக்கர் கொஞ்ச நேரம் யோசித்தது. உள்ளே ஏசி அறையில் உட்கார்ந்திருந்த காவலாளிக்கு அந்தப் பதில் போதவில்லை. நிஜப் பெயர் என்ன, எந்த ஊர், இங்கே வந்து எவ்வளவு நாளாகிறது, விசா இருக்கிறதா என்று அடுக்கினான். சீருடை போட்ட குரல் ஒன்று விசா என்று உச்சரித்தால் போதும், பட்டாசுக்குப் பயம் வந்துவிடும். எல்லாக் காகிதமும் சரியாக இருந்தாலும் வரும். பயம் வந்தால் அவனுக்கு வாய் நீளும். அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

“விசா இருக்குண்ணே. பொறுமைதான் காலாவதி ஆகப்போகுது.”

அத்தை குடைக்காம்பால் அவன் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டி ஒதுக்கிவிட்டு, காணாமல் போனவரின் மகள் கூப்பிட்டு வந்திருக்கிறோம் என்று மட்டும் ஸ்பீக்கரிடம் சொன்னார். கதவு திறந்துகொண்டது.

அத்தை என்றால் பட்டாசின் அப்பாவுடைய அக்கா. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கேஸ்களை விசாரித்தே தலை நரைத்தவர். கை உடைந்துவிட்டது என்று வருகிறவரிடம் டீ டம்ளரை நீட்டி, எந்தக் கையால் வாங்குகிறார் என்று பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு சலவைக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டி, அண்ணன் தம்பி பிள்ளைகளிலேயே அதிகம் பேசுகிறவனை உதவியாளனாக வரவழைத்துக்கொண்டார். உதவியாளன் என்றால் கார் ஓட்டுவது, குடை பிடிப்பது, திட்டு வாங்குவது.

விஷயம் இதுதான். குளிர்நாடுகளில் உழைத்து ஓய்ந்தவர்கள் சிலர், அங்கே பனி கொட்டும் மாதங்களில் இந்த வெயில் ஊருக்கு வந்துவிடுவார்கள். கோல்ஃப் மைதானத்தை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன வாடகை வீடுகள். காலையில் ஆட்டம், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் யாருக்கு எந்த மூட்டு வலிக்கிறது என்கிற மாநாடு. அவர்களில் ஒருவர் கப்பல்காரர். கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், தூரத்தில். நேற்றுக் காலை மூன்று நண்பர்களோடு விளையாடப் போனவர் வீடு திரும்பவில்லை. ஒரு ராத்திரி போய், இப்போது இரண்டாவது நாள் மத்தியானம்.

மகள் கிளப் கட்டடத்தின் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். விமானத்தை விட்டு இறங்கின கையோடு வந்திருந்தாள், தடித்த குளிர்ச்சட்டையை இடுப்பில் முடிந்தபடி. மடியில், வழியில் வீட்டுக்குள் நுழைந்து எடுத்த அப்பாவின் மாத்திரைப் பெட்டி. சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. நேற்று ராத்திரி அறையும் இன்று காலை அறையும் திறக்கப்படவே இல்லை. அந்த மூடிகளை நகத்தால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

போலீஸ் என்ன செய்கிறது என்று அத்தை விசாரித்தார். பஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரிகளிலும் கடற்கரையிலும் தேடுகிறார்களாம். மைதானத்தில் ஏன் தேடவில்லை என்றால், ஆட்டம் முடிந்து அவர் கிளம்பிவிட்டார் என்பதற்குச் சாட்சி இருக்கிறதாம். அவர் போன பேட்டரி வண்டி ஷெட்டுக்குத் திரும்பிவிட்டது, அவருடைய மட்டைப் பையும், பைக்குள் அவருடைய போனும் அதிலேயே இருந்தன. மறதிக்காரப் பெரியவர், வீட்டுக்கு வழி தெரியாமல் எங்கேயோ போயிருப்பார் என்பது இன்ஸ்பெக்டரின் முடிவு.

“அப்பாவுக்கு மறதியாம்,” என்றாள் மகள். “கூட விளையாடுறவங்க எல்லாரும் சொல்றாங்க. மகள் எனக்கு மட்டும்தான் தெரியலை. என் காருக்கு ஆயில் மாத்தணும்னு இங்கேர்ந்து போன் பண்ணி ஞாபகப்படுத்தற மனுஷன், மேடம். என் பையனுக்கு எந்தப் பல்லு ஆடுதுன்னு அவருக்குத் தெரியும்.”

அத்தை மூக்கின் மேல் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அத்தைக்கு மூக்கு வியர்த்தால் ஏதோ ஒன்று கணக்கில் இடிக்கிறது என்று அர்த்தம்.

“தண்ணி பாட்டில் எடுத்துக்கோ, மருமகனே. நிறைய எடுத்துக்கோ.”

“எனக்குத் தாகம் இல்லை அத்தை.”

“உனக்கில்லடா.”

அவன் பாட்டில்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

கிளப் வராந்தாவில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் பல் டாக்டரம்மா. பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் பல்லைப் பார்க்கிற பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. இன்னொருவர் மளிகைக்காரர். மூன்று கடை வைத்து நடத்தி மகன்களிடம் கொடுத்துவிட்டு வந்தவர். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

அவர்கள் சொன்னதை அத்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். நாலு பேருக்கு இரண்டு வண்டி. யார் யாரோடு போவது என்பதில் சண்டை வராமலிருக்க ஒரு வழக்கம். நாலு பேரும் ஆளுக்கொரு பந்தை ஒரே இடத்தில் நின்று மேலே வீசுவார்கள். விழுந்ததில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிற இரண்டு பந்தின் சொந்தக்காரர்கள் ஒரு வண்டி. மற்ற இருவரும் இன்னொரு வண்டி. பாதி ஆட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது மறுபடி வீசி ஜோடி மாற்றுவார்கள்.

“எதுக்கு ரெண்டு தடவை?” என்று கேட்டான் பட்டாசு.

“ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் பாதி ஆட்டத்துக்குத்தான் தாங்க முடியும் தம்பி,” என்றார் மளிகைக்காரர். “ஜட்ஜ் பேச ஆரம்பிச்சா வாய்தா கிடையாது.”

நாலாவது ஆள் அந்த ஜட்ஜ்தான். ஓய்வு பெற்ற நீதிபதி. கப்பல்காரருக்குப் பக்கத்து வீடு. நேற்றுப் பாதி ஆட்டத்தில் வீசியபோது ஜட்ஜுக்கும் கப்பல்காரருக்கும் ஜோடி விழுந்தது. டாக்டரம்மாவும் மளிகைக்காரரும் முன்னால் போய்விட்டார்கள். மளிகைக்காரருக்குத் தோள்பட்டைக்கு பிசியோதெரபி இருந்ததால் வேகவேகமாக முடித்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்கள். பின்னால் வந்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைச் சொல்லும்போது டாக்டரம்மா முதல் தடவையாக எதிரே இருந்தவர்களின் பல்லைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

கப்பல்காரரின் மறதியைப் பற்றி அத்தை கேட்டார். இந்தக் குளிர்காலம் வந்ததிலிருந்தே அப்படித்தான் என்றார்கள். ஒவ்வொரு குழிக்குப் போகும்போதும் இது எத்தனாவது என்று சத்தமாகக் கேட்பார். அடுத்த அடி யாருடையது, இன்றைக்கு என்ன கிழமை, டீக்குக் காசு கொடுத்தாச்சா. கேட்டதையே கேட்பார். இவர்களும் சலிக்காமல் பதில் சொல்வார்கள். மகளிடம் சொன்னால் கூட்டிக்கொண்டு போய் எங்காவது சேர்த்துவிடுவாளோ என்று சொல்லாமல் இருந்துவிட்டார்கள்.

“அப்படிக் கேட்கும்போது பக்கத்துல யார் இருப்பாங்க?”

மளிகைக்காரர் யோசித்தார். “ஜட்ஜ்தான். இந்த சீசன்ல அவங்க ரெண்டு பேருக்கும்தான் எப்பவும் ஜோடி விழும். கப்பல்காரர் கடைசியாத்தான் வீசுவார். அவர் பந்து நேரா ஜட்ஜ் பந்து பக்கத்துல போய் உக்காந்துக்கும். ராசின்னு சொல்லிச் சிரிப்போம்.”

“ராசி,” என்று அத்தை திருப்பிச் சொன்னார். மூக்கைத் துடைத்தார்.

ஜட்ஜ் வராந்தாவின் மறுகோடியில், நிழலில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத கால்சட்டை. இவர்களைக் கண்டதும் எழுந்து கைகுவித்தார். வாங்க வாங்க, உங்களைப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தோம் என்றார். ஜூஸ் சொல்லட்டுமா என்றார். அத்தனை பதவிசான மனிதரைப் பட்டாசு இந்த ஊரில் பார்த்ததில்லை. அவனை ஒரு தடவைகூட விசா கேட்கவில்லை.

போலீஸிடம் சொன்ன சாட்சியம் இவருடையதுதான். அதையே இன்னொரு தரம் சொன்னார். தீர்ப்பு வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கடைசிக் குழி வரைக்கும் சேர்ந்து ஆடினார்களாம். கப்பல்காரர் தூரத்திலிருந்தே தட்டினாராம்.

“பந்து உருண்டு உருண்டு போய் டங்குனு விழுந்தது பாருங்க. எனக்கே கைதட்டத் தோணுச்சு. அவன் ஓடிப்போய்க் குனிஞ்சு பந்தை எடுத்து முத்தம் குடுத்தான். அப்புறம் கைகுலுக்கிட்டுக் கிளம்பிட்டோம்.”

கிளம்பி எங்கே போனார் என்று அத்தை கேட்டார். வீட்டுக்குத்தான், வேறெங்கே போவான் என்றார் ஜட்ஜ். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

திரும்பி நடக்கும்போது பட்டாசுக்கு மனசு விட்டுப்போயிற்று. சாட்சி கல்லு மாதிரி இருக்கிறது, மனிதர் வெளியேதான் போயிருக்கிறார், ஊர் இவ்வளவு பெரிசு, எங்கே போய்த் தேட என்றான். அத்தை மகளிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்பாவுக்கு உடம்பில் வேறு ஏதாவது உண்டா?

முழங்கால் இரண்டும் ஆபரேஷன் ஆகியிருந்தது. இந்தத் தடவை இங்கே வருவதற்கு முன்புதான். நடக்கலாம், குனியக்கூடாது, ஓடக்கூடாது. பந்தை எடுப்பதற்கென்றே மட்டையின் கைப்பிடி முனையில் ஒரு ரப்பர்க் கிண்ணம் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள் மகள். வைத்து அழுத்தினால் பந்து ஒட்டிக்கொண்டு வரும்.

“அப்போ ஜட்ஜ் பொய் சொல்றார்,” என்றான் பட்டாசு.  பொய் சொல்கிற நீதிபதி என்றால் மறைக்கிற காரியம் சின்னதாக இருக்காது.

“கடைசிக் குழிக்கு ஓடு. ஒரு பந்தைத் தூக்கிப் போடு. என்ன சத்தம் வருதுன்னு கேட்டுட்டு வா.”

ஓடினான். கொடி நட்டிருந்த குழியில் பந்தைப் போட்டான். மறுபடி போட்டான். மண்டியிட்டுக் காதை வைத்தும் போட்டுப் பார்த்தான். உள்ளே பதித்திருந்தது பிளாஸ்டிக் கிண்ணம். தலையணையில் எலுமிச்சம்பழம் விழுந்த மாதிரி ஒரு தொப். டங்குமில்லை, டிங்குமில்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்து சொன்னான். அத்தை மளிகைக்காரரிடம் திரும்பினார்.

“இந்த மைதானத்துல தகரக் கிண்ணம் வெச்ச குழி எங்கேயாவது உண்டா?”

“முன்னே இருந்தது. வடக்குப் பக்கம். நாங்க வருஷக்கணக்கா டீக்கடையிலேர்ந்து இடது பக்கம் திரும்பி அங்கதான் பாக்கி ஆட்டம் ஆடுவோம். தண்ணி பத்தாம போன வருஷம் மூடிட்டாங்க. இப்ப டீக்கடையிலேர்ந்து வலது பக்கம்.”

அத்தை குடையை மடக்கிக்கொண்டு, வராந்தாவின் மறுகோடிக்கு நடந்து ஜட்ஜின் எதிரில் போய் நின்றார். பட்டாசு பின்னாலேயே போனான். ஜட்ஜ் எழுந்து கைகுவித்தார்.

“வாங்க வாங்க. உங்களைப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தோம். ஜூஸ் சொல்லட்டுமா?”

அதே சிரிப்பு. அதே வார்த்தை. சற்று முன்னால் இதே நாற்காலிக்கு எதிரில் நின்றவர்களைப் பார்க்கிற கண்ணாக அது இல்லை. 

அவர் பொய் சொல்லவில்லை. கப்பல்காரருக்கு நல்ல முழங்கால் இருந்த ஏதோ ஒரு வருஷத்தின் ஆட்டத்தை, நேற்று நடந்ததாக, மனசாரச் சொல்லியிருக்கிறார்.

“மறதி யாருக்குன்னு இப்பத் தெரியுதா?” அவனை நாலடி தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்ட அத்தையின் குரல் மெலிந்திருந்தது. “இது எத்தனாவது குழி, அடுத்த அடி யாரோடது, என்ன கிழமை. கப்பல்காரர் கேட்டதெல்லாம் அவருக்காக இல்லடா. கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருந்தார். பதில் அவர் காதுல விழணும்னு இவர் கேட்டிருக்கார். பந்தும் ராசியில விழலை. கடைசியா வீசி, பாத்துப் போட்டிருக்கார். நண்பன் வண்டியை ஒரு நாளும் விடலை.”

“நேத்து விட்டுட்டார்,” என்றான் பட்டாசு.

“விட்டிருப்பார். பாத்ரூம் போயிருப்பார், இல்ல டீக்குக் காசு குடுத்திருப்பார். வெளியில வந்து பாத்தா வண்டி இல்லை. பழைய ஞாபகத்துல இடது பக்கம் போயிருக்கு.” அத்தை ஜட்ஜைப் பார்த்தார். “அவர் தொலையலை, மருமகனே. தேடப் போயிருக்கார். தேடப்பட்டவர் வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டுல விட்டுட்டு, கிளப் வேன் ஏறி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிட்டார்.”

ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஊரெல்லாம் பஸ் நிலையத்தைச் சலித்துக்கொண்டிருந்தது. கூப்பிடு தூரத்தில் ஒரு மனிதர் கிடந்திருக்கிறார். பட்டாசுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அத்தைக்கு இரண்டும் ஓடின. மளிகைக்காரரைப் போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் போடச் சொன்னார். டாக்டரம்மாவையும் மகளையும் ஒரு வண்டியில் ஏற்றினார். இன்னொரு வண்டியில் ஜட்ஜை ஓட்டுகிற இடத்தில் உட்காரவைத்துப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நாங்க ஊருக்குப் புதுசு, உங்க கடைசிக் குழியைப் பாக்கணும்னு ஆசையா இருக்கு என்றார். ஜட்ஜின் முகம் மலர்ந்துவிட்டது. பை வைக்கிற படியில் பட்டாசு தொற்றிக்கொண்டான்.

டீக்கடை வந்ததும் ஜட்ஜ் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. இடது பக்கம் ஒடித்தார். பம்ப் ரூமுக்குப் பின்னால் வேலி அறுந்து கிடந்த சந்தில் வண்டி நுழைந்தது. அந்தப் பக்கம் வேறு உலகம். புல் பொசுங்கி, முள் மண்டி, மணல் குழிகளில் புதர் முளைத்து. ஜட்ஜ் மட்டும் பச்சையைப் பார்ப்பவர் போல ஓட்டிக்கொண்டு போனார். இங்கே ஒரு பெரிய மரம் இருந்தது, எங்கே போச்சு என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

மகள் வண்டியிலிருந்து குதித்து அப்பா அப்பா என்று கத்திக்கொண்டே முள்ளுக்குள் ஓடினாள். குரல் போய்த் திரும்பி வந்தது. வேறெதுவும் வரவில்லை. பட்டாசு ஒவ்வொரு மணல் குழியாக இறங்கி ஏறினான். ஒவ்வொன்றிலும் இறங்குவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டான். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுவோமோ என்ற பயம். மூடின கண்ணுக்குள் ஊரில் இருக்கிற அப்பா வந்து நின்றார். அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. அவர் தொலைந்தால் யார் இப்படி முள்ளுக்குள் இறங்குவார்கள் என்று நினைத்தான். நினைத்ததும் இன்னும் வேகமாக இறங்கினான்.

ஜட்ஜ் ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினார். கொடிக்கம்பம் சாய்ந்து கிடந்தது. அதன் காலடியில் துருப்பிடித்த தகரக் கிண்ணம், அதற்குள் ஒரு பந்து. வெயிலில் கிடந்து வெளுக்காத, பளிச்சென்ற புதுப் பந்து.

“என்னுதுதான்,” என்றார் ஜட்ஜ், சந்தோஷமாக. “எடுக்க மறந்துட்டேன் போல.”

நேற்று இங்கே தனியாக நின்று ஆடி முடித்திருக்கிறார். கப்பல்காரர் இங்கே வந்துசேரவில்லை. சுற்றிலும் ஒரு காலடி கூடக் காணோம். இருந்த ஒரே துப்பும் இத்தோடு அறுந்துவிட்டது. மகள் அந்த மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மாத்திரைப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

அத்தையின் உதடு ஆடியது. அத்தை பயந்து பட்டாசு பார்த்ததே இல்லை. அதைப் பார்த்த பிறகு அவனுக்கு ஒரு கிண்டலும் வரவில்லை.

“அத்தை, வண்டி இப்படிச் சுத்தி வந்துச்சு,” என்றான் மெதுவாக. “நடந்து வர்றவர் எதுக்குச் சுத்துவார்?”

அத்தை சடாரென்று திரும்பினார். டீக்கடைப் பக்கத்திலிருந்து இந்த மேட்டுக்கு வண்டிப்பாதை ஒரு பெரிய வளைவாக வந்தது. வளைவுக்கு நடுவே ஒரு பள்ளம். முன்பு குளமாக இருந்தது என்றார் டாக்டரம்மா. இப்போது வறண்டு, மேலே ஓடு ஓடாக வெடித்த மண், ஓரத்தில் காய்ந்த கோரை. நண்பன் மேட்டின் மேல் தனியாக நிற்பதை அந்தக் கரையிலிருந்து பார்த்தவர் என்ன செய்வார்? குறுக்கே இறங்குவார்.

“மேல்தான் காஞ்சிருக்கு,” என்றார் டாக்டரம்மா. “உள்ளே காயாது.”

பட்டாசு அதற்குள் பாதி தூரம் ஓடியிருந்தான். நடுக்குளத்தில் ஓட்டு மண் உடைந்து ஒரு தடம் கறுப்பாகக் கிழிந்து கிடந்தது. தடம் கோரைக்குள் போய் முடிந்தது. கோரைக்கு நடுவே ஒரு தொப்பி. தொப்பிக்குக் கீழே ஒரு தலை.

இடுப்புவரை சேறு. புது முழங்கால்களை மடக்கி இழுக்க முடியாமல், கைக்கெட்டின கோரையை எல்லாம் பிடுங்கித் தலைக்குமேல் சாய்த்து நிழல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கப்பல்காரர். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. பட்டாசு வயிற்றால் ஊர்ந்து போய் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி உதட்டில் வைத்தான். முதல் மூடி வழிந்துவிட்டது. அடுத்தது உள்ளே போனது. கப்பல்காரர் அவனைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை.

“ஜட்ஜ் வீடு போய்ச் சேந்தாரா?”

பட்டாசு வாயைத் திறந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக வெறும் காற்றுதான் வந்தது. தலையை மட்டும் ஆட்டினான்.

“கூப்பிட்டேன் தம்பி. கை காட்டினேன். அவரும் கை காட்டினார்.” மூச்சு வாங்கினார். “சந்தோஷமாக் கை காட்டினார். யாரோ கைதட்டுறாங்கன்னு நெனச்சிருப்பார்.”

ஆம்புலன்ஸ்காரர்கள் பலகை போட்டு அவரை வெளியே எடுக்கும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கால்கள் வீங்கி நிறம் மாறியிருந்தன. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தபிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார் கூட வந்த நர்ஸ். எதுவும் என்பதை அவர் சொன்ன விதத்தில் டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டே நடந்தவள், வண்டிப்பாதையில் நின்ற ஜட்ஜைப் பார்த்ததும் நின்றாள்.  உங்களால... என்று ஆரம்பித்தாள். சேறு காய்ந்த ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“சொல்லாதம்மா. சொன்னா இன்னிக்கு உடைஞ்சுபோவார். நாளைக்கு மறந்துடுவார். ஏன் உடைஞ்சிருக்கோம்னு தெரியாமலே உக்காந்திருப்பார். அது ரொம்பக் கொடுமைம்மா.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவின் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கப்பல்காரரின் பார்வை பட்டாசின் மேல் வந்து நின்றது. நாளைக் காலையில் ஜட்ஜ் வண்டியில் யார் ஏறுவது என்று கேட்டார். கதவு சாத்தும்வரை பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸ் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஜட்ஜ் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு நின்றார்.

“யாரு தம்பி அது? பாவம். சொந்தக்காரங்க யாராவது கூட இருக்காங்களா?”

“இருக்காங்கய்யா.”

“நல்லது. ஒருத்தர் கூட இருக்கணும்.” தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி, பக்கத்து இருக்கையைத் தட்டினார். “வா, இருட்டறதுக்குள்ள முடிச்சிடலாம்.”

பட்டாசு அத்தையைப் பார்த்தான். அத்தை குடையை விரித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். அவன் ஏறி உட்கார்ந்தான். அடுத்த நாளும் உட்கார்ந்தான். அதற்கடுத்த நாளும். அன்று ராத்திரியே நினைவிழந்த கப்பல்காரர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. மகள் பக்கத்திலேயே இருக்கிறாள். டாக்டரம்மாவும் மளிகைக்காரரும் ஜட்ஜோடு ஏற முறை வைத்துக்கொள்கிறார்கள், ஆனாலும் சில காலைகளில் அந்த இருக்கை காலியாகிவிடுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது குளிர்காலத்துக்கு அந்த மைதானத்துப் பக்கம் வந்தால், தயவுசெய்து ஒரு காலை அவரோடு வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டீக்கடையில் மட்டும் இறங்காதீர்கள்.